ஆறு வாரத்தில் கூடும் எலும்பு

பனிச்சறுக்குக்காக வெளிநாடு போகிறவர்கள் செய்யும் முதல் தவறு, மலைமேலேயே தங்குவது. மேலே ஒரு நாள் கொடுக்கும் வாடகையில் கீழே நகரத்தில் மூன்று நாள் இருந்துவிடலாம். அரை மணிக்கொரு பஸ் சரிவுக்குப் போகிறது. சறுக்குச் சீட்டைக் காட்டினால் அதற்குத் தனி டிக்கெட் கிடையாது. சீசன் முடிகிற வாரமாகப் பார்த்துப் போனால் இன்னும் மலிவு. பனி கொஞ்சம் ஈரமாக, கனமாக இருக்கும், அவ்வளவுதான். சமையலறை உள்ள வீடாக எடுத்துக்கொண்டால் சாப்பாட்டுச் செலவும் கையைக் கடிக்காது. இதையெல்லாம் ஆறு மாதம் படித்துத் தெரிந்துகொண்டேன். நீங்கள் குடும்பத்தோடு போவதாக இருந்தால் எழுதித் தருகிறேன்.

நீங்கள் விசாரிக்க வந்தது அந்தக் கடைப் படிவத்துக்காக என்று தெரியும். அதற்கும் வருகிறேன். வரிசையாகச் சொன்னால்தான் உங்களுக்கு என் பக்கத்து நியாயம் புரியும். சறுக்குப் பலகை வாடகைக்கு விடும் கடையின் மெக்கானிக்கை வேலையிலிருந்து நிறுத்தி, வழக்கும் போட்டிருப்பதாகச் சொன்னீர்கள். பாவம், அவர்மேல் ஒரு தப்பும் இல்லை. கொஞ்சம் மெதுவாக மட்டும் பேசுவோம். தங்கை பக்கத்து அறையில் படுத்திருக்கிறாள்.

நான் எலும்பு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள். இருபத்து நான்கு வருட சர்வீஸ். தங்கை எனக்குப் பதினைந்து வயது இளையவள். எனக்கு இருபத்திரண்டு, அவளுக்கு ஏழு, அந்த வருடம் அப்பாவும் அம்மாவும் நான்கு மாத இடைவெளியில் போய்விட்டார்கள். அன்றிலிருந்து அவளுக்கு எல்லாம் நான்தான். பள்ளிக்கூடப் படிவத்தில் தாய் என்ற இடத்தில் என் பெயரை எழுதி, அடித்து, மறுபடியும் எழுதியவள் அவள். இன்றைக்கும் நான் அவளைப் பாப்பா என்றுதான் கூப்பிடுவேன். முப்பத்தொரு வயதுக் குழந்தை என்று என் கூட வேலை செய்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள். செய்துவிட்டுப் போகட்டும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் பயந்தவள். திருடனுக்கோ இருட்டுக்கோ இல்லை. ஒரு தடவை அலுவலக வேலையாக அவள் நான்கு நாள் வெளியூர் போனாள். சாயங்காலம் ட்யூட்டி முடிந்து வந்து பூட்டைத் திறக்கப் போனேன். சாவி துவாரத்துக்குள் போகவில்லை. கை அப்படி நடுங்கியது. உள்ளே யாரும் இல்லை என்பதுதான் பயம். மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். கீழ்வீட்டுக்காரம்மா வந்து பூட்டைத் திறந்துவிட்டு, என்னம்மா உடம்பு சரியில்லையா என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இதை வெறும் தனிமை என்று சொல்லிவிட முடியாது. தனிமைக்கு வியர்க்காது.

அவளுக்கு இருபத்திரண்டு வயதில் மேல்படிப்புக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தது. எனக்கு நெஞ்சுவலி வந்தது. மூன்று வாரம் படுத்திருந்தேன், சேர வேண்டிய தேதி போய்விட்டது. அப்போது நானே என் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. அந்தப் படத்தை யாரிடமும் காட்டவில்லை. வலி என்னவோ உண்மையாகத்தான் வலித்தது.

போன வருடம் அவளுக்கு அந்த வேலைக் கடிதம் வந்தது. பாலங்களுக்கு வரைபடம் போடும் கம்பெனி, இரண்டு விமானம் மாறிப் போக வேண்டிய ஊர். சமையலறையில் நின்று எனக்கு வாசித்துக் காட்டினாள். வாசிக்கும்போது குதிகாலை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டிருந்தாள், சின்ன வயதிலிருந்தே சந்தோஷம் வந்தால் அப்படித்தான். நானும் சந்தோஷம் என்றேன். கொடு, நானும் ஒரு தடவை படிக்கிறேன் என்று வாங்கிப் பார்த்தேன். குறித்த தேதியில் வந்து சேராவிட்டால் நியமனம் ரத்து என்று கடைசி வரிக்கு முந்தைய வரியில் இருந்தது.

"இந்தத் தடவை நெஞ்சுவலி வந்துடாதே அக்கா" என்று சிரித்தாள்.

நானும் சிரித்தேன். ஆனால் அது சுருக்கென்று தைத்துவிட்டது. இனி எனக்கு எது வந்தாலும் அவள் நம்பமாட்டாள், நம்பினாலும் நிற்கமாட்டாள். வருவது அவளுக்குத்தான் வர வேண்டும் என்று அப்போதே நினைத்தேன் என்று சொல்லமாட்டேன். அப்போது நினைத்ததெல்லாம், பனியைப் பார்க்க வேண்டும் என்று அவள் ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதுதான். நீ போவதற்கு முன்னால் இரண்டு பேரும் ஒரு தடவை போய்வருவோம் என்றேன். கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

பனிச்சறுக்கைப் பற்றி அதற்குப் பிறகுதான் படிக்க ஆரம்பித்தேன். பஸ், வாடகை, ஜாக்கெட் இரவல், எல்லாம். அதில் பைண்டிங் என்று ஒன்று வந்தது. காலணியைச் சறுக்குப் பலகையோடு சேர்த்துப் பிடிக்கும் கவ்வி. நீங்கள் விழும்போது அது தானாகத் திறந்து காலை விட்டுவிட வேண்டும். எவ்வளவு விசையில் திறக்க வேண்டும் என்பதை ஆளின் எடை, உயரம், வயது, எப்படிச் சறுக்குவார் என்பதை எல்லாம் வைத்து ஒரு திருகால் சரிசெய்கிறார்கள். குறைவாக வைத்தால் சும்மா சும்மா கழன்றுவிடும். அதிகமாக வைத்தால் விழும்போது திறக்காது. பலகை நிற்கும், உடம்பு திரும்பும், கால் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

அதைப் படித்ததும் புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்துவிட்டேன். மறுநாள் எடுத்துத் திரும்பப் படித்தேன்.

கீழ்க்காலில் இரண்டு எலும்பு உண்டு. பெரியது உடைந்தால் மாதக்கணக்கில் ஆகும். சின்னது உடைந்தால் ஆறு வாரம். நானே ஆயிரம் படம் எடுத்திருப்பேன். ஆறு வாரத்தில் நன்றாகக் கூடிவிடும், ஓடலாம், ஆடலாம். எங்கள் பயணம் முடிந்து மூன்றாவது வாரம் அவள் வேலையில் சேர வேண்டும். ஒரு சின்ன எலும்பு. யாருக்கும் பெரிய கஷ்டம் இல்லாத ஒரு வழி என்றுதான் நினைத்தேன்.

அந்தக் கடை பஸ் நிலையத்துக்குப் பின்தெருவில், தரைக்குக் கீழே இறங்கும் படிகளில் இருந்தது. மெழுகு வாசனையும் ஈரக் காலுறை வாசனையும். மலைமேல் உள்ள கடையைவிட இங்கே வாடகை பாதி. எங்களுக்கு முன்னால் முப்பது நாற்பது பேர். மெக்கானிக் கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார், ஐம்பது வயதிருக்கும். சுவரில் ஒரு பலகை, உங்கள் உண்மையான எடையை எழுதுங்கள் என்று.

"உன் படிவத்தை நான் எழுதறேன் அக்கா. நீ எழுதினா பத்து கிலோ காணாமப் போயிடும்" என்றாள் தங்கை.

"போடி, நீ போய் ஷூவைப் போட்டுப் பாரு. ரெண்டையும் நானே எழுதறேன்" என்றேன்.

படிவம், விண்ணப்பம் எல்லாம் எங்கள் வீட்டில் என் வேலை. அவள் மறுகோடி பெஞ்சில் உட்கார்ந்து காலணியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். என் எடையை உள்ளபடி எழுதினேன். அவள் ஐம்பத்தொன்று. எழுபத்தெட்டு என்று எழுதினேன். எப்படிச் சறுக்குவார் என்ற இடத்தில் மூன்று கட்டம், நிதானம், நடுத்தரம், வேகம். வேகத்தில் குறி போட்டேன். கையெழுத்தும் போட்டேன். நீங்கள் கொண்டுவந்திருப்பது அதுதான், எழுத்து என்னுடையது.  

மெக்கானிக் ஏன் கவனிக்கவில்லை என்று உங்கள் மேலதிகாரிகள் கேட்பார்கள். நானும் அந்த மாதிரி வேலை செய்கிறவள்தான், அதனால் சொல்கிறேன். வெளியே நாற்பது பேர் நிற்கும்போது நாங்கள் முகத்தைப் பார்ப்பதில்லை, சீட்டைப் பார்ப்போம். வலது கை என்று எழுதியிருந்தால் வலது கை. அதோடு அவர் சந்தேகம் எல்லாம் ஒரே பக்கம்தான் போகும். எடையைக் குறைத்து எழுதுகிறவர்களை வருடக்கணக்காகப் பார்த்துப் பழகியவர். கூட்டி எழுதுகிற பெண்ணை அவர் கண்டதே இல்லை. எழுபத்தெட்டைப் பார்த்து, பரவாயில்லையே, உண்மையைச் சொல்கிறாளே என்று சந்தோஷப்பட்டிருப்பார். ஒரு தடவை மட்டும் நிமிர்ந்து, நன்றாகச் சறுக்குவாரா என்று கேட்டார். சின்ன வயதிலிருந்தே என்றேன். திருகினார். கவ்வியின் மேலே ஒரு குட்டிக் கண்ணாடித் துவாரம் இருக்கிறது, அதில் எண் ஏறுவதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் இரண்டு நாளும் எனக்கு நரகம்தான். நான் குழந்தைகளின் சரிவிலேயே நின்றுவிட்டேன். விழுந்தேன், எழுந்தேன், ஒவ்வொரு தடவையும் டக்கென்று பலகை கழன்று தனியாக ஓடும். அவள் என் பலகையைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுப்பாள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். மழைக்கோட்டு போட்ட பீப்பாய் என்றாள் என்னை. இரண்டாம் நாள் மத்தியானமே அவள் பெரிய சரிவுக்கு ஏறிவிட்டாள். சறுக்கச் சொல்லிக்கொடுத்த அம்மாளே ஆச்சரியப்பட்டார். அவள் மேலிருந்து இறங்கும்போதெல்லாம் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருப்பேன். விழுந்துவிடுவாளோ என்று பயம். விழாமலே வந்து சேர்ந்துவிடுவாளோ என்று அதைவிடப் பயம்.

அன்று ஒரு தடவை மெதுவாக விழுந்தாள். பலகை கழலவில்லை. கால் முறுக்கிக்கொண்டு, ஐயோ என்று கத்தினாள். நான் போவதற்குள் எழுந்துவிட்டாள், ஆனால் முகம் வெளுத்திருந்தது.

"உன்னோடது டக்குனு கழண்டுடுது. என்னோடது பிடிச்ச பிடியை விடவே மாட்டேங்குது அக்கா. எனக்குப் பயமா இருக்கு. கொஞ்சம் லூஸ் பண்ணச் சொல்லலாமா?"

"டைட்டா இருந்தாத்தான் பாதுகாப்பு பாப்பா."

சொல்லிக்கொடுக்கும் அம்மாள் குனிந்து கவ்வியைப் பார்த்தார். புருவத்தைச் சுருக்கினார். நாளைக்கு இதோடு ஏறக் கூடாது, இன்றைக்கே கடையில் காட்டிவிடுங்கள் என்றார். நான் காட்டுகிறேன் என்றேன். நகரத்துக்கு வந்ததும் அவளை வெந்நீரில் காலை வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, பலகைகளைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். கடைக்கு எதிர்ச்சாரியில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே விளக்கு எரிந்தது, அவர் ஒரு பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போயிருந்தால் இரண்டு நிமிட வேலை. எனக்கு அவள் வேலையில் சேர வேண்டிய தேதி ஞாபகத்துக்கு வந்தது, பூட்டு ஞாபகத்துக்கு வந்தது. வீட்டுக்குத் திரும்பி, பார்த்துவிட்டார்கள், சரியாக இருக்கிறதாம் என்றேன். நான் சொன்னால் அவள் நம்புவாள். எப்போதும் அப்படித்தான்.

மூன்றாம் நாள் காலை பத்தரை மணி. பனி கஞ்சிப் பதத்தில் இருந்தது. பாதிச் சரிவில் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். ஆட்டாமல் இருந்திருக்கலாம். ஒரு பலகை பனிக்குள் செருகி அப்படியே நின்றுவிட்டது, அவள் நிற்கவில்லை. எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவளுக்குக் கேட்டதாம், உள்ளேயிருந்து.

சரிவின் அடியில் ஒரு சின்ன மருத்துவ நிலையம். படம் எடுத்தார்கள். டாக்டர் பார்ப்பதற்கு முன்னால் நான் பார்த்தேன், எனக்கு அதற்கு ஒரு நொடி போதும். எலும்பில் ஒரு கீறல் இல்லை. எனக்கு முதலில் வந்தது ஏமாற்றம் என்று சொன்னால் நீங்கள் என்னைத் தப்பாக எடுத்துக்கொள்வீர்கள். டாக்டர் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டார். எலும்பு உடைந்திருந்தால்கூடத் தேவலை என்றார். முட்டி மூட்டு கழன்று தானாகவே உள்ளே போய் உட்கார்ந்திருக்கிறது, இந்த மாதிரி அடியில் முட்டிக்குப் பின்னால் ஓடும் இரத்தக்குழாய் உள்ளுக்குள் கிழிந்திருக்கலாம், இப்போது நாடி நன்றாக இருக்கிறது, பிறகு அடைத்துக்கொண்டாலும் அடைத்துக்கொள்ளும் என்றார். நாடி நின்றால் ஆறு மணி நேரம்தான், அதற்குள் குழாயின் அடைப்பைத் திறக்காவிட்டால் காலை மறந்துவிட வேண்டியதுதான்.

நான் எங்கே வேலை செய்கிறேன் என்று சொன்னேன். அவர் முகம் தெளிந்தது. வேறு யாராக இருந்தாலும் வீட்டுக்கு விடமாட்டேன், நீங்கள் விஷயம் தெரிந்தவர் என்றார். பாதத்தின் மேல் நாடி துடிக்கும் இடத்தில் பேனாவால் ஒரு பெருக்கல் குறி போட்டுக் காட்டினார். அரை மணிக்கு ஒரு தடவை தொட்டுப் பார்த்து எழுதிவையுங்கள், குறைந்தால் உடனே நகரத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள் என்றார். உள்ளே வந்து தங்கையிடம், எலும்பு உடையவில்லை, ஓய்வெடுத்தால் போதுமாம் என்றேன். அவளைப் பயமுறுத்துவானேன்.

பிறகு நடந்தது உங்கள் கோப்பிலேயே இருக்கும். இரவு ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது நேரம் கடந்துவிட்டது, முட்டிக்கு மேலே காலை எடுத்துவிட்டார்கள். இப்போது நான் வேலையை விட்டுவிட்டு அவளோடேயே இருக்கிறேன். நன்றாகத்தான் பார்த்துக்கொள்கிறேன். அவள்தான் முன்பு மாதிரிப் பேசுவதில்லை. நான் உள்ளே போனால் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொள்கிறாள், வலி போலிருக்கிறது. கதவுக்கு உள்பக்கம் நாற்காலியை இழுத்துப்போட்டு வைக்கிறாள், நகர்ந்து பழகுகிறாளாக்கும். தாழ்ப்பாள் வேண்டும் என்றாள். எதற்கு, விழுந்துகிழுந்து வைத்தால் நான் எப்படி உள்ளே வருவது என்று சொல்லிவிட்டேன். அந்தக் கம்பெனி இரண்டு தடவை கடிதம் போட்டது. அவளைத் தொந்தரவு செய்ய வேண்டாம் என்று நானே பதில் எழுதிவிட்டேன்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் நான் கொடுத்த அந்த நாடிக் காகிதம். ஒன்றரை, இருக்கிறது. இரண்டு, இருக்கிறது. இப்படி ஒன்பதரைவரை எல்லாவற்றுக்கும் இருக்கிறது என்றே எழுதியிருக்கிறேன். அதில் இரண்டரை வரைக்கும் உண்மை.

இரண்டே முக்காலுக்கு, நகரத்து வாடகை வீட்டில் படுத்தபடியே, அவள் அந்தக் கம்பெனிக்கு போன் செய்தாள். நான் அறையைச் சூடாக்கும் ரேடியேட்டர்மேல் கையுறைகளைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பேசிவிட்டு வைத்தவள் அழுதுகொண்டே சிரித்தாள்.

"அக்கா, வெயிட் பண்றாங்களாம். ஆறு மாசம் ஆனாலும் பரவாயில்லையாம், முதல்ல காலைப் பாருங்கன்னாங்க. வேலை போயிடுமோன்னு நான் செத்தே போயிட்டேன் தெரியுமா?"

நல்லதாப் போச்சு பாப்பா என்றேன். எவ்வளவு நல்ல மனிதர்கள். ஆறு வாரமானாலும் ஆறு மாதமானாலும் அவர்கள் காத்திருப்பார்கள். கூடிவிடுகிற எதுவும் இனி எனக்கு உதவாது. என் உள்ளங்கை வியர்த்தது. காய்ந்த கையுறையில் துடைத்துக்கொண்டேன்.

மூன்று மணிக்குப் போய்க் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். காலுறையைக் கழற்றினேன். பேனாக் குறி அப்படியே இருந்தது. அதன்மேல் விரலை வைத்தேன். கணுக்காலுக்குப் பின்னாலும் வைத்துப் பார்த்தேன். அவசரப்படவில்லை, இரண்டு நிமிடம் முழுசாக வைத்திருந்தேன். இரண்டு இடத்திலும் ஒன்றுமில்லை. பாதம் வெள்ளையாக இருந்தது, தொட்டால் பாத்திரம் போல ஜில்லென்றிருந்தது. ஜன்னலுக்கு வெளியே பெரிய ஆஸ்பத்திரியின் கூரை தெரிந்தது. நடந்தால் ஏழு நிமிடம்.

"விரலெல்லாம் மரத்த மாதிரி இருக்கு அக்கா. பயப்படற மாதிரி ஒண்ணும் இல்லையே?"

"ஐஸ் வெச்சோமில்ல, அதான். நல்லா இருக்கு. மாத்திரையைப் போட்டுட்டுத் தூங்கு."

வலிக்குக் கொடுத்த மாத்திரையில் இரண்டு போட்டுவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டே கண்ணை மூடினாள். என் கை நடுங்கவில்லை, அதை நான் கவனித்தேன். கடிதம் வந்த நாளிலிருந்து அன்றுதான் எனக்குப் பயம் இல்லாமல் இருந்தது. அவள் தூங்கியதும் காகிதத்தை எடுத்து, மூன்று மணி, இருக்கிறது என்று எழுதினேன். பிறகு, பாவம், பிள்ளைக்குக் கால் குளிருமே என்று காலுறையைத் திரும்ப மாட்டிவிட்டேன்.